பாராசிட்டமால் போடும் முன்: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும், கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "யக்கா, காய்ச்சலுக்கு அறுநூத்தம்பது இன்னொரு அட்டை குடுங்க" என்றார்.

அந்த 'இன்னொரு' என்ற சொல்தான் என் கையை நிறுத்தியது. நேற்று என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். 650 மி.கி. பாராசிட்டமால் அட்டையில் நான்கு குழி காலி. சளி மாத்திரை அட்டையில் மூன்று காலி. இடுப்பு வலிக்கென்று கொழுந்தியாள் கொடுத்த மாத்திரையில் இரண்டு காலி. கடைசியாக ஒரு சின்னக் காகிதக் கவர். அதற்குள் வெள்ளையாய் நீளமாய் ஒன்று, மஞ்சள் வட்டம் ஒன்று, பாதி உடைந்த ஆரஞ்சு ஒன்று. வேறொரு கடையில் வாங்கிய 'செட்'டில் மிச்சம்.

பில் தாளைத் திருப்பிப் போட்டுக் கூட்டினோம். 650 நான்கு முறை, 2,600. சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500, ஆக 1,500. இடுப்பு வலி மாத்திரையில் தலைக்கு 325, ஆக 650. மொத்தம் 4,750 மில்லிகிராம். ஆரோக்கியமான, நல்ல எடையுள்ள ஆளுக்கே ஒரு நாளைக்கு 4,000தான் உச்சவரம்பு. செட்டில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டு நாளாக ரசத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றும் சொன்னார். அட்டை கொடுக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறியிருந்தது. சில நாளில் இறங்கிவிட்டது.

அவர் தன் கணக்கில் எந்தத் தப்பும் செய்யவில்லை. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று நோய்க்கு ஒரு மாத்திரையாக எண்ணினார். நம் வீடுகளில் எல்லோரும் எண்ணுவது அப்படித்தான். எண்ண வேண்டியது மில்லிகிராமை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான்.

படி 1: அட்டையைத் திருப்பி, உள்ளே இருப்பது என்ன என்று படியுங்கள்

டோலோ, கால்பால், க்ரோசின் எல்லாம் கடைப்பெயர்கள். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், பாராசிட்டமால். சவூதியிலிருந்து மச்சான் கொண்டுவரும் பனடோலும் அதுதான். இலங்கையில் காய்ச்சல் மாத்திரைக்கே பனடோல் என்றுதான் பெயர். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவரும் டைலெனால் பாட்டிலில் 'அசிட்டமினோஃபென்' என்று எழுதியிருக்கும். அதுவும் பாராசிட்டமாலேதான், அந்த நாட்டில் வழங்கும் பெயர் வேறு, அவ்வளவே. காலையில் டைலெனால், மதியம் டோலோ என்று போடுகிறவர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் போடுகிறார்.

பெயருக்குப் பக்கத்திலேயே அளவு இருக்கும்: 500 அல்லது 650. சில அட்டைகளில் 1,000. "ரெண்டு மாத்திரை போட்டேன்" என்று டாக்டரிடம் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. அது ஆயிரமாகவும் இருக்கலாம், இரண்டாயிரமாகவும் இருக்கலாம்.

அட்டையை வெட்டி வாங்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். கத்தரி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்து உங்கள் கைக்கு வருவது பெயரே இல்லாத நான்கு வெள்ளிக் குமிழிகளாகவும் இருக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது பெயரும் தேதியும் உள்ள துண்டு வெட்டுப்பட்டுப் போனால் கவரின் மேல் பெயர், அளவு, தேதி மூன்றையும் பேனாவால் எழுதித்தான் தருகிறேன்.

செட் மாத்திரையைப் பற்றி ஒரே வார்த்தை: வாங்காதீர்கள். உதிரியாக நாலைந்து மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தால் அதில் பாராசிட்டமால் இருக்கும், டைக்ளோஃபெனாக் இருக்கலாம், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரை இருக்கலாம், ஸ்டீராய்டுகூட இருக்கலாம். ஸ்டீராய்டு இருந்தால் ஒரே வேளையில் உடம்பு லேசாகிவிடும், "அந்தக் கடை செட்டு கை கண்ட மருந்து" என்று பெயரும் வாங்கிவிடும். சர்க்கரை நோயாளிக்கு அதே ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். நாளை உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றினால் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லக்கூட உங்களிடம் ஒரு பெயர் இருக்காது.

படி 2: உங்கள் எடைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் நோய் இல்லாத பெரியவர் ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை எடுக்கலாம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்துக்குள் 4,000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அந்த 4,000 கடைசி எல்லை. டாக்டரைப் பார்க்காமல் நீங்களாகப் போடும்போது 3,000க்குள் நின்றுகொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 650 என்றால் நாள் ஒன்றுக்கு நான்கோடு சரி.

50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் நாம் கவனம் தவறுகிறோம். மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டு வரும் எழுபது வயதுப் பாட்டிகளில் பலர் நாற்பது கிலோவைத் தாண்ட மாட்டார்கள். மகனுக்கு வாங்கிய 650ஐத்தான் அவர்களும் போடுகிறார்கள். கணக்கு எளிது: எடையை 15ஆல் பெருக்கினால் ஒரு வேளைக்கான உச்ச அளவு. 40 கிலோவுக்கு 600. ஆக 650 கூடுதல், 500 போதும். ஒரு நாளைக்கு எடையை 60ஆல் பெருக்க வேண்டும். 40 கிலோவுக்கு 2,400, அதாவது 500 மாத்திரை நான்குக்கு மேல் கிடையாது.

தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பவர்கள் ஆகியோருக்கு 2,000 மி.கி.யே எல்லை என்று பல மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் தாங்களாக ஒரு மாத்திரைக்கு மேல் போகாமல் டாக்டரைக் கேட்பதுதான் சரி.

படி 3: ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலைத் தேடுங்கள்

சளி, தும்மல், மூக்கடைப்புக்கு என்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் பாராசிட்டமால் உண்டு. காம்பிஃப்ளாமில் ஐபுபுரூஃபென் 400உடன் பாராசிட்டமால் 325 சேர்ந்திருக்கிறது. மூட்டு வலி, முதுகு வலிக்கு எழுதித் தரும் அசிக்ளோஃபெனாக் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'பி' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பாராசிட்டமாலைக் குறிக்கும். டிராமடால் கலந்த வலி மாத்திரைகளிலும், மாதவிலக்கு வலிக்கான சில கூட்டு மாத்திரைகளிலும் அது இருக்கிறது. பல் பிடுங்கிக்கொண்டு வருபவர் டாக்டர் சீட்டில் உள்ளதையும் போட்டு, வலி நிற்கவில்லையென்று வீட்டில் இருக்கும் 650ஐயும் போடுவது வாரம் ஒருமுறையாவது என் கண்ணில் படுகிறது.

எனவே ஒரு நேரத்தில் பாராசிட்டமால் உள்ள ஒரே ஒரு பொருள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக ஒன்று வந்தால் முதலாவதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே சொன்ன கணக்கு மனதில் நிற்கும். நீங்கள் விழுங்கும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் பக்குவமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் வேறு வழியில் போய் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதைச் சுருக்கமாக 'நாப்கி' என்பார்கள். கல்லீரலில் குளுட்டாதயோன் என்றொரு பொருள் சேமிப்பில் இருக்கிறது. அது அந்த நச்சை அப்போதைக்கப்போதே பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். அளவோடு போட்டால் வரவும் செலவும் சரியாக இருக்கும். அளவு மீறினால் வழக்கமான பாதை நிரம்பி, நச்சு வழியில் போகும் பங்கு கூடும், குளுட்டாதயோன் சேமிப்பு கரையும், பிறகு அந்த நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். பட்டினி கிடந்தால் சேமிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். தினமும் குடிப்பவருக்கு நச்சை உண்டாக்கும் நொதி கூடுதலாக வேலை செய்யும். டைல்ஸ் வேலைக்காரர் ரசத் தண்ணீர் என்று சொன்னபோது நான் பயந்தது இதனால்தான்.

இதில் கொடுமை என்னவென்றால் உடம்பு உடனே சொல்லாது. அளவு மீறிய முதல் நாள் குமட்டல், வாந்தி, வியர்வை, சோர்வு என்று இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. இரண்டாம் நாள் தேறிவிட்டதுபோல் தெரியும். வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்குவது அப்போதுதான். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாது, பேச்சு குழறும். அந்த நேரத்தில் "காமாலை கண்டிருக்கு, கீழாநெல்லி அரைச்சுக் குடு" என்று வீட்டில் இன்னும் இரண்டு நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு மாற்று மருந்து உண்டு. பெயர் அசிட்டைல்சிஸ்டீன். கரைந்துபோன குளுட்டாதயோனை மறுபடி நிரப்பித் தருகிறது. அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றலாம். நேரம் போகப் போகப் பலன் குறையும், ஆனாலும் தாமதமாகப் போனாலும் கொடுப்பார்கள். ஆகவே தெரிந்தோ தெரியாமலோ 24 மணி நேரத்துக்கான அளவைத் தாண்டிப் போட்டுவிட்டால், உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மனம் உடைந்துபோய் இந்த மாத்திரையைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இரண்டாம் நாள் உடம்பு தேறியதும் மனம் மாறி, வாழ வேண்டும் என்று நினைக்கிறார்கள். கல்லீரல் அதற்குள் வெகுதூரம் போயிருக்கும். பிரிட்டன் 1998இல் ஒரு பெட்டிக்கு எத்தனை மாத்திரை என்று வரம்பு வைத்தது. மருந்துக்கடையில் 32, மற்றக் கடைகளில் 16. அதன்பின் அங்கே இந்தச் சாவுகள் குறைந்தன. கைக்கு எட்டும் அளவைக் குறைத்தாலே உயிர் தப்பும் என்பதற்கு அதுவே சான்று. வீட்டில் பத்து மாத்திரைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். மனம் தாங்கவில்லையென்றால் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

படி 4: குழந்தைக்கு என்றால் மில்லியைக் கேட்காதீர்கள், பாட்டிலைப் பாருங்கள்

கடையில் அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நம் ஊரில் மூன்று அடர்த்தியில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மி.கி. சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. கூடுதல் அடர்த்தி சிரப்பில் 5 மில்லிக்கு 250 மி.கி. சின்னக் குழந்தைக்குரிய சொட்டு மருந்துதான் மூன்றிலும் காட்டமானது. பாட்டில் சிறியது, மருந்து லேசானது என்று நினைப்பது இயல்பு. அதுதான் ஆபத்து.

குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. வரை. சொட்டு மருந்தென்றால் 1 முதல் 1.5 மில்லி. 120 சிரப்பென்றால் 5 மில்லி. 250 சிரப்பென்றால் 2 முதல் 3 மில்லி. "போன தடவை அஞ்சு மில்லிதானே குடுத்தோம்" என்று சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 மி.கி. போய்விடும். அது ஒரு பெரியவருக்கான மாத்திரை.

அளக்க, மருந்தோடு வரும் மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு. சமையல் கரண்டி வேண்டாம், கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். அம்மா ஒரு வேளை, ஆச்சி ஒரு வேளை என்று இருவரும் தெரியாமல் கொடுத்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, கடைசியில் சொல்லப்போகும் தாள் அதற்காகவும்தான். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரியைத் தொட்டாலே மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நாலு வயதுக்குள் சளிக்கான கூட்டு சிரப்பே வேண்டாம். அவற்றில் உள்ள குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்க்கையை அந்த வயதில் கொடுக்கக் கூடாது என்று 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிவிட்டது.

பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறது, சாப்பிடுகிறது, தெர்மாமீட்டர் மட்டும் 101 காட்டுகிறது என்றால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மருந்து பிள்ளையின் அவஸ்தைக்கு.

வீட்டில் பூனை இருந்தால் இன்னொன்று. அதற்கு நொண்டல், காய்ச்சல் என்று இந்த மாத்திரையை உடைத்துப் பாலில் கலக்காதீர்கள். பூனையின் உடலால் இதைச் செரித்து வெளியேற்ற முடியாது. ஒரு மாத்திரைக்கே செத்துவிடும்.

படி 5: மழைக்காலத்தில் கூடுதல் கவனம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை டெங்குவாக நினைத்து நடந்துகொள்ளுங்கள். டெங்குவில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், மெஃபினமிக் ஆசிட் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும். ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் இடுப்பூசி பல நேரம் டைக்ளோஃபெனாக்தான். அந்த நாட்களில் பாராசிட்டமால் மட்டுமே. அதுவும் அளவுக்குள். டெங்குவே கல்லீரலைத் தாக்கும், அதன் மேல் நாமும் ஏற்றக் கூடாது. காய்ச்சல் குறையவில்லையென்று இடைவெளியைச் சுருக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் அபாயமான நேரம். காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியடையாதீர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓடுங்கள்.

பக்க விளைவுகள், உள்ளதும் இல்லாததும்

"இது சூடுக்கா, வயித்தப் புண்ணாக்கும்" என்று தயங்குகிறவர்கள் நிறைய. வயிற்றை அரிப்பது ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை. பாராசிட்டமால் வழக்கமான அளவில் வயிற்றுக்குச் சாது. வெறும் வயிற்றிலும் போடலாம், கூடவே கேஸ் மாத்திரை தேவையில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அந்த வகையைவிட இதையே டாக்டர்கள் முதலில் எழுதுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் அப்படியே, குறைந்த அளவு, குறைந்த நாள்.

அரிதாகத் தோலில் பெரிய ஒவ்வாமை வரும். மாத்திரை போட்ட பின் சிவந்த தடிப்பு, கொப்புளம், வாய்க்குள் புண், தோல் உரிதல் என்று தொடங்கினால் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை. அதன்பின் வாழ்நாளில் இந்த மருந்து கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

தொடர்ந்து போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலிக்கு இதைப் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். விட்டால்தான் விடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம் எடின்பரோவில் செய்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. தினம் 4,000 மி.கி. இரண்டு வாரம் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் ஏறக்குறைய 5 புள்ளி கூடியது. மூட்டு வலிக்கென்று மாதக்கணக்கில் போடும் பிரஷர்காரர்கள் இதை டாக்டரிடம் பேச வேண்டும்.

ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் நாலைந்து நாள் தொடர்ந்து பாராசிட்டமால் போட்டால் ரத்தம் அதிகமாக நீர்த்துவிடும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்க்க வேண்டியிருக்கும். காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் எடுப்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். அந்த மருந்துகளும் கல்லீரலைத் தொடுபவை.

படி 6: நேரத்தை எழுதி வையுங்கள்

காய்ச்சலுக்கு மூன்று நாள். மழைக்காலமென்றால் இரண்டு. அதற்குள் விடவில்லையென்றால் மாத்திரையை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

அதுவரை வீட்டில் ஒரு காகிதம் போதும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. போன வருடம் ஒரு பெண் தன் மாமியாரைக் காட்டிவிட்டு மருந்துச் சீட்டோடு கடைக்கு வந்தார். சீட்டுக்குள் அப்படி ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். பென்சிலில் எழுதியது:

எடை 41 கிலோ
காலை 6.00 – 500 – காய்ச்சல் 102
மதியம் 12.30 – 500 – கஞ்சி அரை டம்ளர்
மாலை 7.00 – 500 – 101
இரவு 2.00 – போடவில்லை, 99, தூங்குகிறார்கள்

மொத்தம் 1,500 என்று கடைசியில் கோடு போட்டிருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த மூட்டு வலி மாத்திரையைக் காட்டி, "இதுல பாராசிட்டமால் இருக்காக்கா? இருந்தா இதுல சேத்து எழுதணும்" என்று கேட்டார். இருந்தது, 325. அதே தாளில், அவர் பென்சிலை வாங்கி, நானே எழுதிக் கொடுத்தேன்.